தங்கம் போன ஊரில் தங்கிய சந்தோஷம்

சுரங்கம் மூடிவிட்டது. வேலை நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆனாலும் ராபர்ட்சன்பேட்டையின் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஞாயிறு தவறாமல் பாடுகிறார்கள்.

ராபர்ட்சன்பேட்டையைப் பார்க்க விரும்புகிறவர் ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். மற்ற ஆறு நாளும் ஊரின் பெரும்பகுதி ஊரில் இருப்பதில்லை. இருட்டு விலகும் முன்பே மாரிக்குப்பத்திலிருந்து கிளம்பும் ரயில், சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்களை அள்ளிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்கு ஓடுகிறது. டிபன் பாக்ஸும் தோள்பையுமாக ஏறுகிறவர்களில் கட்டட வேலைக்காரர், காவலாளி, துணிக்கடையில் நிற்கும் பெண், கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர் எல்லோரும் உண்டு. போக நூறு கிலோமீட்டர், வர நூறு கிலோமீட்டர். ராத்திரி வீடு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கிவிட்டிருப்பார்கள். அப்பாவின் முகத்தைக் குழந்தை பகல் வெளிச்சத்தில் பார்ப்பது வாரத்துக்கு ஒரு நாள்.

அந்த ஒரு நாளில் ஊரின் முகமே மாறிவிடுகிறது. காலையிலேயே கோயில் மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கின்றன. இஸ்திரி போட்ட சட்டையும் கையில் கறுப்பு அட்டை பைபிளுமாக ஆண்கள் தெருவில் இறங்குகிறார்கள். கத்தோலிக்க வீட்டுப் பெண்கள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு திருப்பலிக்குப் போகிறார்கள். அதே தெருவில் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் பெண்கள் வெள்ளைச் சேலையில், கழுத்திலும் காதிலும் பொட்டுத் தங்கம் இல்லாமல் நடக்கிறார்கள். இந்தியாவுக்கே தங்கம் தோண்டிக் கொடுத்த ஊரில், விசுவாசத்தின் பெயரால் தங்கத்தை வேண்டாம் என்று சொன்ன பெண்கள் இவர்கள்.

சற்று நேரத்தில் பாட்டு கிளம்புகிறது. ஒரு பக்கம் ஆர்மோனியம், இன்னொரு பக்கம் கீபோர்டும் டிரம்ஸும். ஓட்டுக் கூரைக்கு அடியிலிருந்தும், வாடகைக் கூடத்தின் ஷட்டருக்குப் பின்னாலிருந்தும், நூற்றாண்டு கண்ட கற்கோயிலின் ஜன்னல்களிலிருந்தும் வருகிற குரல்களில் துளி சோர்வு இல்லை. வெளியூர்க்காரருக்கு ஆச்சரியமாக இருக்கும். இந்த ஊரில் அப்படிச் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

சங்கு ஓய்ந்த நகரம்

கேள்வி நியாயமானதுதான். கோலார் தங்கவயல் என்று உலகம் அறிந்த பகுதியின் கடைவீதி ராபர்ட்சன்பேட்டை. மைசூர் சமஸ்தானத்தில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்ட் ராபர்ட்சனின் பெயரைத் தாங்கி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோடு போட்டுக் கட்டப்பட்ட ஊர் இது. நேரான தெருக்கள், அவற்றை வெட்டும் குறுக்குத் தெருக்கள், நடுவில் மார்க்கெட். 2011 கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள் தொகை சுமார் 1.62 லட்சம். கர்நாடகத்தின் ஊர்தான், ஆனால் மார்க்கெட்டில் காய் விலை கேட்பது முதல் கல்லறையில் பெயர் பொறிப்பது வரை இங்கே தமிழ்தான் அதிகம் புழங்குகிறது.

நியூசிலாந்துப் போரில் இருந்து திரும்பிய மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கி இங்கே தோண்டத் தொடங்கினார். அவர் கையில் காசு தீர்ந்தது. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி வந்த பிறகுதான் தங்கம் கொட்டியது. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் பிறந்த மின்சாரம் சுமார் 150 கிலோமீட்டர் கம்பி வழியாக இங்கே வந்து சேர்ந்தது. இந்தியாவின் பல பெரிய நகரங்கள் மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் இருந்தபோது தங்கவயல் மின்விளக்கில் ஜொலித்தது. துரைமார்கள் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்றார்கள்.

குட்டி இங்கிலாந்துக்கு அடியில் இருந்தது தமிழ்நாடு. வட ஆற்காடு, சித்தூர், சேலம் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி வந்தவர்கள் மூங்கில் தட்டிகளால் ஆன 'லைன்' வீடுகளில் குடியேறினார்கள். பெரும்பாலோர் தலித்துகள். 20ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் சுமார் முப்பதாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்.

பாறை கொடுத்தது குறைந்துகொண்டே வந்தது. தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்த தங்கம், கடைசியில் மூன்று நான்கு கிராமாகச் சுருங்கியது. 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசின் கைக்கு வந்தன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது. 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தைக் கொடுத்துவிட்டு, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது.

அதுவரை ஊருக்குக் கடிகாரம் சுரங்கத்தின் சங்குதான். சங்கு ஊதினால் ஷிஃப்ட். சங்கு ஊதினால் சோறு. 2001க்குப் பிறகு ஊரில் நேரம் சொல்ல மிஞ்சியவை இரண்டு: ரயில், கோயில் மணி.

மூச்சும் பாட்டும்

இங்கே கிறிஸ்தவம் பல பாதைகளில் வந்தது. மைசூர் மிஷனை நடத்திய பிரெஞ்சுக் குருமார்கள் கத்தோலிக்க மக்களைத் தேடி வந்தார்கள். சாம்பியன் ரீஃபில் இருக்கும் வெற்றி மாதா கோயில் இன்றும் ஊரின் அடையாளம். ஆங்கிலேயர்களுக்காக உரிகத்தில் எழுந்த புனித மைக்கேல் ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையிடம் இருக்கிறது. ஜான் டெய்லர் கம்பெனி கொண்டுவந்த சுரங்க மேஸ்திரிகளில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்காரர்கள். தகரம், செம்பு தோண்டிப் பழகிய கார்ன்வால், மெதடிஸ்ட் சபையின் கோட்டை. அந்தச் சபைக்கும் இந்த வயலில் தமிழ் ஆராதனை உண்டு. பெந்தெகொஸ்தே கூடங்கள் பின்னால் வந்தன. இன்று அவை இல்லாத தெருவைத் தேட வேண்டும்.

எல்லாரும் கிறிஸ்தவர்களாகிவிடவில்லை. சாதியிலிருந்து வெளியேற வேறு வாசலும் இங்கே திறந்திருந்தது. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வலுவான கிளைகள் இருந்தன. அவர் 1907இல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகையைப் பின்னாளில் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்துதான் நடத்தினார். ஒரே லைனில் அடுத்தடுத்த வீடுகள். ஒரு வீடு, துக்கம் என்பதே முதல் உண்மை என்று தொடங்கும் தர்மத்தைப் படித்தது. பக்கத்து வீடு, எப்போதும் சந்தோஷமாக இருக்கும்படி கட்டளையிடும் வேதத்தைப் படித்தது. இரு வீட்டு ஆண்களும் ஒரே கேஜில் இறங்கினார்கள்.

இறங்கியவர்கள் ஏறுவது நிச்சயமில்லை. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதைத் தங்கவயலில் 'ஏர்பிளாஸ்ட்' என்பார்கள். அடியில் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். அடுத்த நிமிடம் பெண்கள் சுரங்க வாசலுக்கு ஓடுவார்கள். யார் எந்த ஷிஃப்ட், எந்த லெவல் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி, ஜெபமாலையை உருட்டிக்கொண்டோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டோ நிற்பார்கள். கேஜ் மேலே வந்து, கரி படிந்த முகங்களில் தன்னுடைய முகம் இருந்தால் அது ஒரு உயிர்த்தெழுதல். பக்கத்தில் நிற்பவளுடைய முகம் இல்லாமல் போனால் அந்த உயிர்த்தெழுதலைக் கொண்டாட முடியாது. தங்கவயல் கிறிஸ்தவர்கள் சந்தோஷம் என்ற சொல்லைக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் இதுதான். தனக்குக் கிடைத்ததை அடுத்தவளின் அழுகைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பாறை ஒரேயடியாகக் கொல்லாதவர்களைத் தூசி மெதுவாகக் கொன்றது. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து இறுகும் சிலிக்கோசிஸ் நோய், இந்தியாவில் முதலில் பதிவானது கோலார் சுரங்கத்தில்தான். 1940களில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 43.7 சதவீதம் பேருக்கு அந்த நோய் இருந்தது. நோய் முற்றியவர் நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். ஒரு வாக்கியத்தை இரண்டாக உடைத்துத்தான் பேசுவார்.

பாடுவதற்கு மூச்சு வேண்டும். சுரங்கம் எடுத்துக்கொண்டதோ மூச்சை. கோயிலின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்துப் பாடிய தாத்தாக்களின் பேரப் பிள்ளைகள்தான் இன்று மைக் பிடித்துப் பாடுகிறார்கள். இந்தப் பாட்டின் சத்தத்தைக் கேட்டு, இவர்களுக்குக் கவலையே இல்லை போலும் என்று நினைக்கிறவர் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

சிறையிலிருந்து ஒரு கடிதம்

கிறிஸ்தவர்கள் சொல்லும் சந்தோஷம் என்ன என்று இந்த ஊரில் கேட்டால் இரண்டு சொற்கள் கிடைக்கும். பழைய மொழிபெயர்ப்பைப் படிக்கும் புராட்டஸ்டண்ட் வீட்டில் அது 'சந்தோஷம்'. 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பைப் படிக்கும் கத்தோலிக்க வீட்டில் அது 'மகிழ்ச்சி'. சொல் எதுவானாலும் இரு வீட்டாரும் விரல் வைத்துக் காட்டுவது ஒரே கடிதத்தை: பவுல், பிலிப்பி நகரத்துச் சபைக்கு எழுதியது. நான்கே அதிகாரங்கள். அதற்குள் சந்தோஷமும் அதன் உறவுச் சொற்களும் பத்துக்கும் மேற்பட்ட தடவை வருகின்றன. எழுதியவர் இருந்த இடம் சிறை. அடுத்து விடுதலையா, மரணமா என்று அவருக்கே தெரியாது.

அந்தக் கடிதத்தில் இன்னொன்றும் உண்டு. அது ஒரு நன்றிக் கடிதம். சிறையில் இருப்பவருக்குப் பிலிப்பியில் இருந்த எளிய மனிதர்கள் பணம் திரட்டி, ஓர் ஆள் மூலம் அனுப்பிவைத்தார்கள். கொண்டுவந்த ஆள் வந்த இடத்தில் நோய்வாய்ப்பட்டுச் சாகப் பிழைக்கக் கிடந்தார். அவர் தேறி ஊர் திரும்புகிறபோது கடிதத்தைக் கொண்டு போகிறார். எழுதியவரின் சந்தோஷத்துக்குப் பின்னால் வசூல் பண்ணியவர்கள், நடந்தவர்கள், காய்ச்சலில் கிடந்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். தத்துவமாகத் தெரிவது, கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு கைமாற்றுக் கணக்கு.

சுரங்கத்துக்கும் கிறிஸ்தவப் பாட்டுக்கும் உள்ள உறவுகூட பழையது. 1739இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்கு அருகே கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் ஜார்ஜ் விட்ஃபீல்டும் ஜான் வெஸ்லியும் பேசப் போனார்கள். அந்த ஆட்களைக் கோயில்கள் சீந்தவில்லை. அதனால் கூட்டம் வெட்ட வெளியில் நடந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடு போட்டு இறங்கியதை விட்ஃபீல்டு எழுதி வைத்திருக்கிறார். குடிக்கடையில் ராத்திரியைக் கழித்துப் பழகிய அந்தத் தொழிலாளர்கள், மனம் மாறிய பிறகு அதே ராத்திரியைக் கூடிப் பாடிக் கழிக்க ஆரம்பித்தார்கள். மெதடிஸ்டுகளின் 'வாட்ச் நைட்' இப்படித்தான் பிறந்தது. கிங்ஸ்வுட்டில் பிறந்த வழக்கம், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையாகத் தமிழ்ச் சபைகள் எல்லாவற்றிலும் வேரூன்றிவிட்டது. தங்கவயலில் அதற்குக் கூடுதல் பொருத்தம்: சுரங்கக்காரர்கள் கண்டெடுத்தது, சுரங்கக்காரர்களிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

சந்தோஷத்தின் விலை

ஏழைகளிடம் சந்தோஷமாக இருங்கள் என்று சொல்வதில் ஒரு ஆபத்து உண்டு. சொல்கிறவருக்கு அது சௌகரியம். கூலி குறைவா, சந்தோஷமாக இரு. வீடு ஒழுகுகிறதா, பரலோகத்தில் மாளிகை இருக்கிறது. இந்த மருந்தைத் தங்கவயலும் அவ்வப்போது குடித்திருக்கிறது. ஆனால் அதிலேயே மயங்கிக் கிடந்ததாகச் சொல்ல முடியாது. 1930இல் தொழிலாளர்களைக் குற்றவாளிகள்போல் கைரேகை வைத்துப் பதிவு செய்ய நிர்வாகம் முயன்றபோது சுரங்கங்கள் ஸ்தம்பித்தன. ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். 1940களிலும் பெரிய வேலை நிறுத்தங்கள் நடந்தன. ஞாயிறு பாடியவர்கள்தான் திங்கள் கொடி பிடித்தார்கள். லைனில் யார் எந்தச் சாமி என்று பார்த்து எந்தப் போராட்டமும் நடக்கவில்லை.

இன்னொரு விலை காகிதத்தில் எழுதப்பட்டது. 1950இல் ஜனாதிபதி பிறப்பித்த ஆணை, பட்டியல் சாதியினர் என்ற தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. 1956இல் சீக்கியர்கள் சேர்க்கப்பட்டார்கள். 1990இல் பௌத்தர்கள் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. தங்கவயலில் இது சட்டப் புத்தகத்து விஷயம் இல்லை, சுவருக்குச் சுவர் தெரியும் விஷயம். ஒரே ஊரிலிருந்து வந்து, ஒரே லைனில் குடியிருந்து, ஒரே தூசியைச் சுவாசித்த இரண்டு குடும்பங்கள். ஒரு வீட்டுப் பிள்ளைக்குச் சான்றிதழ் உண்டு. ஞானஸ்நானம் பெற்ற வீட்டுப் பிள்ளைக்குக் கிடையாது. கர்நாடகத்தில் அவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இடம். தங்கவயல் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. ஓட்டுப் போடலாம்; ஞானஸ்நானத்தை மறைக்காத கிறிஸ்தவர் அதில் நிற்க முடியாது.

இதனால் வீட்டில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் இன்னொரு பெயர் என்று இரட்டை வாழ்க்கை நடத்தும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல ஊர்களில் உண்டு. அவர்களைக் குறை சொல்வது சுலபம். கல்லூரி இடமா, கர்த்தரின் பெயரா என்று பதினேழு வயதுப் பிள்ளையைக் கேட்கிற நிலையைக் குறை சொல்வதுதான் நியாயம். இந்தக் கோரிக்கையை ஆராய 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஒரு ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. ஆணையங்கள் வரும், போகும். அதற்குள் பிள்ளைகள் வளர்ந்து ரயில் ஏறிவிடுகிறார்கள்.

ஆக, இந்த ஊரில் கிறிஸ்தவராக இருப்பது லாபமில்லாத காரியம். இலவசமாகக் கிடைத்ததாக நினைத்துப் பாடுகிறவர்கள் அல்ல இவர்கள். கொடுத்த விலை என்னவென்று இவர்களுக்குத் தெரியும்.

சாட்சி நேரம்

சுரங்கம் மூடியபோது வேலையில் மிச்சம் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் மேல். ஈட்டுத்தொகை வந்தது, கடனுக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனது. குடியிருக்கும் கம்பெனி வீடு யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. உலர் கழிப்பறைகளைக் கையால் சுத்தம் செய்யும் கொடுமை, சுரங்கம் மூடிய பிறகும் இந்த ஊரில் நீடித்தது. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சாம்பல் நிறக் கழிவு மண், 'சயனைட் மேடு' என்ற பெயரில் மலை மலையாக நிற்கிறது. கோடைக்காற்று அடித்தால் அந்தத் தூள் கொடியில் காயும் துணியில், மூடாத சாதத்தில், பிள்ளைகளின் கண்ணில். 2018இலும் 2022இலும் வந்த 'கேஜிஎஃப்' படங்கள் இந்த ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டு போயின. 2024இல் பா. ரஞ்சித்தின் 'தங்கலான்' இங்கே தோண்ட வந்தவர்களின் கதையைச் சொன்னது. அதே ஆண்டு ஜூன் மாதம், 13 கழிவு மேடுகளிலிருந்து மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஊருக்கு வேலை வருமா, தூசி மட்டும் வருமா என்ற பேச்சு டீக்கடைகளில் ஓடுகிறது.

இவ்வளவுக்கும் நடுவில் சந்தோஷம் எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க, பெந்தெகொஸ்தே கூடத்தின் சாட்சி நேரத்துக்குப் போக வேண்டும். பாட்டு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று, அந்த வாரம் கடவுள் தனக்கு என்ன செய்தார் என்று சொல்லலாம். சொல்வதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ரயிலில் தொலைத்த பை திரும்பி வந்தது. சர்க்கரை குறைந்திருப்பதாக டாக்டர் சொன்னார். குடிக்கிற புருஷன் இந்த வாரம் மூன்று நாள் குடிக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் மொத்தமாக ஸ்தோத்திரம் சொல்கிறது. ஏழு நாளும் யாரும் காது கொடுத்துக் கேட்காத ஒரு பெண்மணி, அந்த மூன்று நிமிடம் நூறு பேர் கேட்கப் பேசுகிறார். 'மூன்று நாள்' என்பதற்கு அத்தனை பேர் கைதட்டுவது வேறு எந்த மேடையிலும் நடக்காது.

சாட்சி நேரத்துக்கு ஒரு குறையும் உண்டு. நல்லபடியாக முடிந்த கதைகளே அங்கே எழுந்து நிற்கின்றன. வேலை கிடைக்காத மகனின் தாய், நோய் தீராத மனைவியின் கணவர், உட்கார்ந்தபடியே இருக்கிறார்கள். விசுவாசம் போதவில்லையோ என்ற சந்தேகம் அவர்களைத் தின்கிறது. சில மேடைகள் அந்தச் சந்தேகத்தை வளர்க்கவும் செய்கின்றன. ஆனால் வேதப் புத்தகம் அவர்கள் பக்கம் இருக்கிறது. 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் புலம்பல்கள். பெரிய வெள்ளிக்கிழமை இல்லாத ஈஸ்டர் எந்தக் கோயிலிலும் கிடையாது. அனுபவமுள்ள போதகர்களுக்கு இது தெரியும். கூட்டம் கலைந்த பிறகு, எழுந்து நிற்காதவர்களிடம்தான் அவர்கள் முதலில் போய்ப் பேசுகிறார்கள்.

அதன் தொடர்ச்சி வாரநாள் ராத்திரிகளில் வீட்டு ஜெபக்கூட்டங்களில் நடக்கிறது. ரயில் வந்த பிறகு, சாப்பாடு ஆறிய பிறகு, பத்துக்குப் பத்து அறையில் பாய் விரித்துப் பதினைந்து பேர் உட்காருகிறார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்துக் கீர்த்தனை ஒன்று, பெர்க்மான்ஸ் அடிகளாரின் பாட்டு ஒன்று. பிறகு ஜெபக் குறிப்புகள்: யாருக்கு ஆபரேஷன், யார் வீட்டில் ஃபீஸ் கட்டவில்லை. குறிப்புகள் வானத்துக்குப் போகும் வழியில் பக்கத்துப் பாயில் இருப்பவரின் காதிலும் விழுந்துவிடுகின்றன. மறுநாள் சத்தமில்லாமல் ஒரு கைமாற்று நடக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு ஓர் ஆள் கிளம்புகிறார். கத்தோலிக்கப் பங்குகளில் இந்த வேலையை வின்சென்ட் தே பவுல் சபையும் அன்பியக் குழுக்களும் பார்க்கின்றன. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டு வைத்து, மாதக் கடைசியில் இல்லாத வீட்டுக்குக் கொடுக்கும் பிடி அரிசி வழக்கம் தமிழ்க் கிறிஸ்தவர்களின் பழைய சொத்து. பிலிப்பியர் நடத்திய வசூலும் இதே வகைதான்.

கிறிஸ்மஸ் மாதத்தில் இந்தக் கணக்கு தெருவுக்கு வருகிறது. வாசலில் காகித நட்சத்திரம் தொங்குகிறது. ஆங்கிலோ இந்தியர்கள் விட்டுப் போன கல்கல்லும் ரோஸ் குக்கீஸும் எண்ணெயில் பொரிகின்றன. தட்டில் வைத்துத் துணி போட்டு மூடி, பௌத்த வீட்டுக்கும் இந்து வீட்டுக்கும் முஸ்லிம் வீட்டுக்கும் அனுப்புகிறார்கள். தட்டு காலியாகத் திரும்புவதில்லை. பொங்கல், ரம்ஜான் வரும்போது நிரம்பி வரும். பாட்டுக் குழு பனியில் மப்ளர் சுற்றிக்கொண்டு வீடு வீடாகக் கேரல் பாடப் போகிறது. சாவு விழுந்த வீட்டு முன்னால் மட்டும் மத்தளம் அடங்குகிறது. அங்கே மெதுவாக ஒரு பாட்டு பாடி, ஜெபித்துவிட்டு நகர்கிறார்கள். அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடுவதில்லை.

ஆண்டின் கடைசி ராத்திரி

தங்கவயலுக்கு வருகிற சுற்றுலாப் பயணி பொதுவாகக் கம்மசந்திராவில் கோடிலிங்கங்களைப் பார்த்துவிட்டு, சயனைட் மேட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு, துருப்பிடித்த சுரங்கக் கோபுரங்களைக் காரிலிருந்தே காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். ஒரு முறை டிசம்பர் 31 ராத்திரி தங்கிப் பார்த்தால் வேறு ஊர் தெரியும்.

பத்து மணிக்கு மேல் தெருக்களில் ஜனம் நகர ஆரம்பிக்கிறது. தூங்கும் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, புதுத் துணியின் மடிப்பு கலையாமல், குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். கோயில் நிரம்பி, வாசல் நிரம்பி, ரோட்டில் பெஞ்சு போடுகிறார்கள். பன்னிரண்டுக்குச் சற்று முன் விளக்கு தணிகிறது. எல்லாரும் முழங்காலில். போன வருடம் செத்தவர்களின் நினைவு, வராத சம்பளம், நின்ற கல்யாணம், வாய்விட்டுச் சொல்ல முடியாதவை எல்லாம் அந்த இருட்டில் விசும்பலாக எழுகின்றன. நூறு வருடத்துக்கு முன் சுரங்க வாசலில் நின்றவர்களின் விசும்பலும் இப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு மணி அடிக்கிறது. விளக்குகள் எரிகின்றன. முழங்காலில் இருந்தவர்கள் எழுந்து, ஈரம் காயாத முகத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக் கை கொடுக்கிறார்கள். ஆயிரம் தொண்டைகளில் நன்றிப் பாட்டு கிளம்புகிறது. கணக்கு எழுதிப் பார்த்தால் நன்றி சொல்ல வேண்டிய வருடமாக அது இருந்திருக்காது. ஆனால் வருடத்தைக் கடந்து வந்துவிட்டார்கள், தனியாகக் கடக்கவில்லை. இவர்கள் சந்தோஷம் என்று சொல்வது அதைத்தான். தங்கம் கொடுத்ததாக இருந்திருந்தால் அது 2001இலேயே போயிருக்கும்.

வாசலில் ஆளுக்கொரு வசன அட்டை கொடுக்கிறார்கள், புது வருடத்துக்கான வாக்குத்தத்தம். தெருவிளக்கின் கீழே நின்று படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைக்கிறார்கள். பையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: ரயிலின் மாத சீசன் டிக்கெட். இரண்டும் சேர்ந்தே பெங்களூருக்குப் போய்வரும். மாரிக்குப்பத்தில் ரயில் கிளம்ப இன்னும் சில மணி நேரம்தான் இருக்கிறது.